நிரப்பாமல் விட்ட பள்ளம்

என் நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டவர் அந்நியர் அல்லர். பல ஆண்டுகள் என் எதிர் மேசையில் உட்கார்ந்து, என் மதியச் சோற்றுப் பொட்டலத்திலிருந்து அப்பளத்தை உடைத்துத் தின்றவர். மலேசியாவின் ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில், குளிர்சாதனத்தைக் குறைக்க முடியாத சிறிய அறை ஒன்றில், வானியல் பார்த்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்பதால், காற்று நேராக வந்து விழும் இருக்கையை அவராகவே கேட்டு எடுத்துக்கொண்டார். அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இது மன்னிப்பைப் பற்றிய கட்டுரை அன்று. அந்த நட்சத்திரத்தை நான் அவரிடமிருந்து திரும்ப வாங்கியதைப் பற்றியது.

எங்கள் வேலை இன்னதென்று முதலில் சொல்கிறேன். நட்சத்திரங்கள் பெரும்பாலும் கூட்டமாகவே பிறக்கின்றன. பிறந்த இடத்தின் வாயுவும் தூசியும் இன்னும் கலையாத ஓர் இளம் கூட்டத்தைச் சாதாரண ஒளியில் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. வானத்தில் யாரோ உள்ளங்கையை வைத்து மறைத்ததுபோல ஒரு கறுப்புத் திட்டு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிதான் அந்தத் தூசியைத் தாண்டி வெளியே வரும். அதில் படம் எடுத்தால், திட்டுக்குள் ஒரு கூட்டமே உட்கார்ந்திருப்பது தெரியும். அந்தக் கூட்டத்தில் பேரெடை கொண்ட நட்சத்திரங்களைத் தேடிப் பிடிப்பது எங்கள் வேலை. அவை அரியவை. எரிபொருளை ஊதாரித்தனமாகச் செலவழித்து, சீக்கிரம் வெடித்துச் சாகிறவை. ஆகவே அவற்றை இளமையிலேயே, தூசிக்குள் இருக்கும்போதே பார்த்தாக வேண்டும்.

நானும் என் அக்காவும் பாலோ பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். இப்போது கெலாங் பாத்தாவில் ஒரே வீட்டில் இருக்கிறோம். அக்கா பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். என் வேலையைப் பற்றி அவள் ஒருமுறை கேட்டபோது, "புகைமூட்டம் வந்தா சூரியன் செவப்பா, மங்கலா தெரியுதுல்ல? அதுமாதிரி மூட்டத்துக்குள்ள இருக்கிற நட்சத்திரத்தத்தான் தேடுறேன்" என்றேன்.

"நானும் ஒனக்கு மாப்பிள்ளய அப்படித்தான்லா தேடுனேன். ஒன்னும் ஆப்டல" என்றாள்.

எனக்கு நட்சத்திரம் அகப்பட்டது. அந்தக் குறிப்பிட்ட கூட்டத்தில், பழைய படங்களில் இரண்டு நட்சத்திரங்களின் ஒளி கலந்து ஒரே புள்ளியாகக் கிடந்ததை நான்தான் பிரித்தேன். பிரிந்த இரண்டில் ஒன்று, தூசியின் சிவப்பைக் கழித்துப் பார்த்தபோது அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருந்தது. வெளிநாட்டுக் குழு ஒன்று, தன் தொலைநோக்கி நேரத்தில் கொஞ்சத்தை எங்களுக்கு ஒதுக்கி அதன் நிறமாலையைப் பதிவு செய்து அனுப்பியது. ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்துக்காட்டும் அந்தப் பதிவில்தான் ஒரு நட்சத்திரம் தன் வயதையும் வெப்பத்தையும் சொல்லும்.

இங்கே எங்கள் தொழிலின் நடைமுறை ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பூமியின் காற்றிலுள்ள நீராவி, அகச்சிவப்பு ஒளியை அங்கங்கே கடித்துத் தின்றுவிடும். அந்தத் தழும்புகளை நீக்க, நன்கு தெரிந்த வேறொரு நட்சத்திரத்தை வானத்தின் அதே பகுதியில் பார்த்து, நம் நட்சத்திரத்தின் ஒளியை அதன் ஒளியால் வகுப்போம். இரண்டும் ஒரே காற்றின் வழியாக வந்தவை. வகுத்தால் காற்று கழிந்துபோகும். ஆனால் அப்படி ஒத்துப் பார்க்க எடுத்துக்கொள்ளும் நட்சத்திரத்துக்கும் சொந்தமாக ஒரு குறை உண்டு. அதிலுள்ள ஹைட்ரஜன், குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தில் அகலமான பள்ளம் ஒன்றை வெட்டியிருக்கும். வகுப்பதற்கு முன் அந்தப் பள்ளத்தைக் கணக்குப் போட்டு நிரப்பிவிட வேண்டும். நிரப்பாமல் வகுத்தால், பள்ளம் இருந்த இடத்தில் விடையில் ஒரு மேடு எழும்பும். வழவழப்பான, அகன்ற, பார்ப்பதற்கு அழகான மேடு. வாழ்நாளின் இறுதியை நெருங்கிய பேரெடை நட்சத்திரம் தன் உடலையே சூறைக்காற்றாக வீசியெறியும்போது தோன்றும் மேடும் அப்படித்தான் இருக்கும்.

பதிவு வந்த அன்று, முதல் பார்வைக்காக மட்டும் நான் பள்ளத்தை நிரப்பாமல் வகுத்திருந்தேன். மேடு எழும்பி நின்றது. அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்காக மலாயா வந்தவரின் பேரன் அவர். வீட்டில் பேசிய தமிழை அப்படியே காப்பாற்றி வைத்திருந்தார்.

"எவ்வளவு பெரிய கோடு! இது சும்மா நட்சத்திரம் இல்லையப்பா."

"அத நம்பாதீங்க. பள்ளத்த இன்னும் நிரப்பல. அடுத்த வாரம் ஒழுங்கா செஞ்சிட்டுச் சொல்றேன்."

"சரி சரி, நீர் ஆறுதலாச் செய்யும், அவசரமில்லை. எனக்கொருக்கா அந்தப் படத்தை அனுப்பிவிடும், பாப்பம்."

அனுப்பினேன். அடுத்த வாரம் எனக்கு டெங்கிக் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் இளநீரோடு பார்க்க வந்தார். நான் வேலையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கியபோது, "கதையாதேயும், குடியும்" என்று உறிஞ்சுகுழலை என் உதட்டருகே பிடித்தார். அந்த நட்சத்திரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, அதற்கு முன்பே ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தார். கட்டிலருகே உட்கார்ந்து என் இரத்தப் பரிசோதனை முடிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்த மனிதர் அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

வெளியான பிறகே பார்த்தேன். தலைப்பின் கீழே ஒரே பெயர், அவருடையது. கடைசிப் பக்கத்து நன்றிக் குறிப்பில் என் பெயர்: தரவுகளை ஒழுங்குபடுத்த உதவியமைக்கு நன்றி. நடுப்பக்கத்தில் என் நிறமாலைப் படம். நிரப்பாத பள்ளத்தோடும், அதிலிருந்து எழும்பிய பொய் மேட்டோடும், நான் அனுப்பியபடியே இருந்தது. அந்த மேட்டை வைத்து நட்சத்திரத்தின் முதுமையை முடிவு செய்து, அதைக்கொண்டு கூட்டத்தின் வயதையும் அறிவித்திருந்தார்.

அவரிடம் நேராகப் போய்க் கேட்டேன்.

"நீர் சுகமில்லாமல் கிடந்தீர். இன்னொரு குழுவும் அதே கூட்டத்தைப் பார்க்குதெண்டு கேள்விப்பட்டன். அந்தரத்தில, அவசரமாச் செய்தது. அடுத்த கட்டுரையில உம்மட பேரைப் போடுவம், சரியோ?"

பள்ளம் என்னவாயிற்று என்று கேட்க நாக்குவரை வந்தது. கேட்கவில்லை. ஒருமுறை சொல்லியாகிவிட்டது. என் பெயரை அழித்தவரைத் தவறிலிருந்து காப்பாற்றுவதற்காக அதையே இரண்டாம் முறை சொல்வது என் கடமை என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை.

அவருடைய நட்சத்திரம், அதன்பின் அப்படித்தான் அழைத்தார்கள், பெயர் பெற்றது. தமிழ் நாளிதழில் அவர் படம் வந்தது. ஜொகூர் பாருவில் ஒரு மண்டபத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். அழைப்பு எனக்கும் வந்தது. அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். மாலையோடு நின்று பேசியவர் எங்களைப் பார்த்துவிட்டார்.

"என்னோட வேலை செய்யிற தங்கச்சியும் வந்திருக்கிறா. கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவதான் பாக்கிறது. எஸ்டேட்டில இருந்து வந்து இவ்வளவு தூரம் படிச்சிருக்கிறா. ஒருக்கா கைதட்டுங்கோ."

கைதட்டினார்கள். நான் எழுந்து சபையைப் பார்த்துக் கும்பிட்டு உட்கார்ந்தேன். அக்கா தன் கைகளை மடியிலிருந்து எடுக்கவில்லை. காரில் ஏறியதும் வெடித்தாள்.

"அலமாக், எந்திரிச்சுக் கும்பிடு வேற போடுற! மேடையில ஏறி நாலு வார்த்த கேட்டிருக்கணும்லா."

"கேட்டா, பொறாமையில பேசுறான்னு சொல்லுவாங்க. நான் கணக்குல கேக்குறேன்."

"எப்போ?"

"நேரம் வரும்போது."

"அதுக்குள்ள ஒன் நட்சத்திரம் வெடிச்சே செத்துரும்டி."

மறுநாள் அந்த நாளிதழ்ப் பக்கத்தைச் சமையலறை மேடையில் விரித்து, அதன்மேல் வைத்துக் கெம்போங் மீனுக்குச் செதில் எடுத்தாள். பொன்னாடையிலும் நெற்றியிலும் செதில்கள் ஒட்டிக்கொண்டு மின்னின. "வந்து பாரு, ஒன் நட்சத்திரமெல்லாம் அவரு மேலதான் இருக்கு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் அன்று சிரித்த சிரிப்பு எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

நான் படித்த காவியங்களில் பழி முடிக்க நினைத்த பெண்கள் கூந்தலை விரித்துப்போட்டுச் சபதம் செய்தார்கள். நான் கூந்தலைக் கிளிப்பால் இறுக்கிக்கொண்டு தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். மறுத்தார்கள். திருத்தி மறுபடி எழுதினேன். மறுபடி மறுத்தார்கள். எதிர் மேசையில் அவர் வழக்கம்போல அப்பளம் உடைத்தார். நானும் வழக்கம்போலப் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். கோபத்தை நான் இப்படித்தான் பாதுகாத்தேன். கத்தித் தீர்த்திருந்தால் அது ஒரே மாலையில் தீர்ந்துபோயிருக்கும். அவருடைய கட்டுரையை மேற்கோள் காட்டிப் புதிய கட்டுரைகள் வர வர, அவை ஒவ்வொன்றையும் பொறுமையாகப் படித்தேன். பொய் மேட்டின்மேல் எத்தனை பேர் வீடு கட்டுகிறார்களோ அத்தனை பேருக்கும் ஒருநாள் என் பெயர் தெரியவரும் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு இனித்தது.

கடைசியில் நேரம் கிடைத்தது. தொலைநோக்கி தென்னமெரிக்க மலையொன்றின் உச்சியில் இருந்தது. நான் கெலாங் பாத்தாவில் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து இணையம் வழியாகக் கண்காணித்தேன். அங்கே இரவாகும்போது இங்கே பகல். அண்டை வீட்டுக்காரர்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு நான் நட்சத்திரம் பார்த்தேன். இரவு ஷிப்ட் முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் வந்து இறங்கிய அக்கா பக்கத்து அறையில் தூங்கினாள்.

ஒத்துப் பார்க்க ஒரு நட்சத்திரம் போதும் என்பது வழக்கம். நான் மூன்று கேட்டிருந்தேன். வெவ்வேறு வகையான மூன்று. அவற்றில் ஒன்று நம் சூரியனைப் போன்றது. ஹைட்ரஜனின் அகன்ற பள்ளம் அதில் இல்லை. மலையுச்சியில் இருந்து கருவியை இயக்கியவர், இதிலேயே உங்கள் நேரம் போய்விடுமே என்று ஆங்கிலத்தில் கவலைப்பட்டார். போகட்டும், எனக்கு அவசரமில்லை என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு மகிழ்ச்சியோடு அந்தச் சொற்களை நான் சொன்னதில்லை.

அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள்.

"ஒன் ஆளு வந்துட்டானா?"

"வந்துட்டான்."

"மேடு இருக்கா, இல்லயா? அதச் சொல்லு."

"இப்ப சொல்ல முடியாதுக்கா. வகுக்கணும்."

"வகுத்துத் தொலையேன்."

"அவசரமா வகுத்தா என்னா ஆகும்னு காட்டத்தான் இவ்வளவு பாடும்."

வகுத்துப் பார்த்த நாட்களில் எனக்கு வேறொரு பயம் வந்தது. மேடு முழுவதும் பொய்யாகி, அதோடு எல்லா அடையாளமும் போய்விட்டால், என் நட்சத்திரம் தூசிக்கு முன்னால் தற்செயலாக நிற்கும் ஏதோ ஒரு சாமானிய நட்சத்திரமாக இருக்கக்கூடும். அப்படியானால் அவர் விழுவார். ஆனால் எனக்கும் திரும்ப வாங்க ஒன்றும் மிஞ்சாது. அவரைப் பொய்யாக்கவும் அதை மெய்யாக்கவும் ஒரே பதிவையே நம்பியிருந்தேன்.

மூன்று நட்சத்திரங்களின் சொந்தக் குறைகளையும் அவற்றுக்குரிய முறையில் சரிசெய்து, மூன்றாலும் தனித்தனியே வகுத்தேன். மேடு மறைந்தது. மூன்றிலும் மறைந்தது. அந்த இடம் நிதானமாக, கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடந்தது. எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பிறகு, சற்றுத் தள்ளி, ஹீலியம் இருக்க வேண்டிய இடத்தைப் பெரிதாக்கினேன். மிகக் கடுமையான வெப்பத்தில் மட்டுமே ஹீலியம் விடும் அடையாளம் ஒன்று உண்டு. அது அங்கே இருந்தது. அகலமில்லாத, ஆழமில்லாத, நகக்கீறல் போன்ற ஒரு பள்ளம். மூன்றிலும் அதே இடத்தில், அதே வடிவில்.

என் நட்சத்திரம் பேரெடை கொண்டதுதான். ஆனால் அவர் சொன்னதுபோலச் சாகும் தறுவாயில் தன்னை வீசியெறிந்துகொண்டிருக்கவில்லை. பிறந்து அதிக காலமாகாமல், மிகுந்த வெப்பத்தோடு, அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. கூட்டமும் அவர் சொன்னதைவிட இளையது.

ஒருவருடைய முடிவை மறுத்து எழுதினால், வெளியிடும் முன் அவருக்கு ஒரு பிரதி அனுப்புவது எங்கள் துறையின் மரியாதை. அவர் எனக்குத் தராத அந்த மரியாதையை நான் அவருக்குத் தந்தேன். ஒரு சனிக்கிழமை பிற்பகல், கையில் ஒரு டுரியான் பழத்தோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். அக்கா கதவைத் திறந்து, பழத்தை வாங்கி, வெளியே செருப்புகளின் பக்கத்தில் வைத்தாள். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர் கணக்கெடுக்க வருபவராக இருந்தாலும், அவள் ஒரு கிளாஸ் மைலோ கலக்காமல் விடமாட்டாள். அன்று சமையலறையில் கைகட்டி நின்றாள். அவர் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"எனக்கு முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். நீங்க என் பின்னால நின்னு பாத்தப்பவே சொன்னேன். பள்ளத்த நிரப்பலன்னு."

அவர் முகத்தில் அந்த நாள் மெல்லத் திரும்பி வருவதைப் பார்த்தேன். அதைப் பார்ப்பதற்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்தேன் என்று அப்போது தெரிந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

"சரி. பிழைதான்" என்றார் கடைசியில். "ஒரு வரியை மட்டும் எடுத்துவிடும். பள்ளம் நிரப்பாததாலதான் அந்த மேடு வந்ததெண்டு எழுதியிருக்கிறீர். கருவியில ஏதோ பிழையெண்டு போடலாம்தானே? நான் ரிட்டயர் ஆகப்போறன். படிக்கிற பெடியள் சிரிப்பாங்கள்."

"கருவி ஒரு தப்பும் செய்யலயே."

"கருவி பாவம்லா" என்றது சமையலறை.

அவர் மேசைமேலிருந்த கட்டுரைப் பிரதியை எடுத்துப் புரட்டினார். ஹீலியம் படத்தில் கை நின்றது. கண்ணாடியைக் கழற்றி, தாளை முகத்தருகே கொண்டுபோனார். நல்ல பதிவொன்றைக் கண்டால் அவர் எப்போதும் செய்வது அது.

"மூண்டு நட்சத்திரம் பாத்தனீரோ?"

"மூணு."

"நானெண்டால் ஒண்டோட விட்டிருப்பன்."

"தெரியும்."

"வடிவா இருக்கு" என்றார். "நல்ல வடிவா இருக்கு." பிறகு, தூசியின் சிவப்பை எப்படிக் கழித்தேன் என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். விளக்கினேன். அடுத்த கேள்வியும் சரியானதாகவே இருந்தது. சிறிது நேரம் அந்தக் குளிர் அறையில் இருந்த இருவராகவே பேசிக்கொண்டிருந்தோம். காற்று விழும் இருக்கையில் அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. அந்த ஒரு வரியை எடுத்துவிட என் கை ஒருகணம் ஆசைப்பட்டது. மேடையில் நின்று கைதட்டச் சொன்ன குரலை நான் எனக்குள் மறுபடி ஒலிக்கவிட்டேன். ஆசை அடங்கியது.

அவர் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார். நன்றிக் குறிப்பில் அவர் பெயர் இருந்தது: தரவுகளை ஒழுங்குபடுத்த உதவியமைக்கு நன்றி.

"நான் இதில ஒண்டும் ஒழுங்குபடுத்தேல்லையே" என்றார்.

"இல்லதான். ஆனா அந்த வாக்கியம் நல்லா இருந்துச்சு. அதான் வச்சுக்கிட்டேன்."

அவர் தாள்களை அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சமன்செய்து, என் பக்கம் வைத்தார். "வாறன்" என்று எழுந்தார். வாசல்வரை போனேன். அவர் செருப்பு மாட்டும்போது தடுமாற, டுரியானின் முள்ளில் கை பட்டுவிடாமல் இருக்கப் பழத்தை என் காலால் நகர்த்தினேன். அவ்வளவுதான் அன்று நான் அவருக்காகச் செய்தது.

கார் போனதும் அக்கா கத்தியோடு வெளியே வந்தாள்.

"அதத் தூக்கிப் போடப்போறியா?" என்றேன்.

"பழத்து மேல என்னாடி கோவம்? பழமா கட்டுர எழுதுச்சு?"

நல்ல பழம். கசப்பும் இனிப்பும் சரியாக இருந்தன. கொட்டைகளைச் சூப்பி எறிந்து முடித்தபோது, மேசைமேலிருந்த கட்டுரையில் நான் ஒரு சொல்லையும் மாற்றப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. மாற்றாமலே அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

எந்த நாளிதழும் அதைப் போடவில்லை. ஒரு நட்சத்திரம் இன்னும் சாகப்போவதில்லை என்பது செய்தியல்ல. யாரும் எனக்குப் பொன்னாடை போர்த்தவுமில்லை. ஆனால் இப்போது அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதுகிற எவரும் அவருடைய கட்டுரையைத் தனியாகக் குறிப்பிட முடியாது. அப்படிக் குறிப்பிட்டால், திருத்தம் தெரியாதவர் என்று ஆகிவிடும். ஆகவே அடைப்புக்குறிக்குள் முதலில் அவர் பெயரையும், ஓர் அரைப்புள்ளி இட்டு, அடுத்து என் பெயரையும் எழுதுகிறார்கள். புதிய கட்டுரை வரும்போதெல்லாம் நான் முதலில் அந்த இடத்தைத்தான் தேடிப் பார்க்கிறேன். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். எங்கள் அறையில் அவர் மேசை காலியாக இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் மட்டும் நாங்கள் இன்னும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். அங்கிருந்து அவரால் எழுந்து போக முடியாது.